தையல் ஒரு மணி நேரம், சிகிச்சை பதினெட்டு ஆண்டு

கிரகணத்தன்று கர்ப்பிணிப் பெண் அரிவாள்மணையைத் தொட்டால் பிள்ளைக்கு உதடு பிளந்துபோகும் என்ற பேச்சு நம் ஊர்ப்பக்கம் இன்னும் ஓயவில்லை. அப்படியொரு குழந்தை பிறந்துவிட்டால் வீட்டில் முதல் கேள்வி மருத்துவரிடம் போவதில்லை, தாயிடம்தான் போகிறது. "அன்னிக்கு வெளியே வந்தியா? காய் அரிஞ்சியா?" பிரசவ வலி ஆறாத பெண், செய்யாத குற்றத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அந்தப் பழி முழுப் பொய். கருவின் முகம் ஒரே துண்டாக உருவாவதில்லை. இரு பக்கமிருந்தும் வளரும் திசுக்கள் நடுவில் வந்து சேர்ந்து ஒட்டிக்கொள்கின்றன. மேலுதடு ஏழாவது வாரத்துக்குள் ஒட்டி முடிகிறது. வாயின் மேற்கூரையான அண்ணம் அதற்கடுத்த சில வாரங்களில் மூடுகிறது. எங்காவது ஓர் இடத்தில் ஒட்டாமல் நின்றுவிட்டால் அதுதான் உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு. நாள் தள்ளிப்போனதை உணர்ந்து கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயரைப் பதியும் நேரத்தில் உதட்டின் வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். ஏழாம் மாதத்தில் வருகிற கிரகணத்தால் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட உதட்டைப் பிரிக்க முடியாது. மெக்சிகோவிலும் இதே கிரகண பயம் உண்டு. அங்கே கர்ப்பிணிகள் காப்புக்கு உடுப்பில் ஊக்கு குத்திக்கொள்கிறார்கள். ஊர் எதுவானாலும் பயமும் ஒன்று, பழி சுமப்பவளும் ஒருத்தி.

உண்மையான காரணம் ஒன்றல்ல, பல. பரம்பரைக்குப் பங்கு உண்டு. புகையிலை, வலிப்பு நோய்க்கான சில மாத்திரைகள், கர்ப்பத்துக்கு முன்பே இருக்கும் சர்க்கரை நோய் ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. மாமன் மகள், அத்தை மகன் கல்யாணங்களையும் சில ஆய்வுகள் சுட்டுகின்றன. ஆனால் தனிப்பட்ட ஒரு குழந்தையைக் காட்டி "இதனால்தான்" என்று எந்த மருத்துவராலும் பெரும்பாலும் சொல்ல முடியாது. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பெண்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் சொன்னால் மாற்று மருந்துக்கு வழி இருக்கிறதா என்று பார்ப்பார்.

இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 35 ஆயிரம் குழந்தைகள் பிளவோடு பிறக்கிறார்கள். ஏறக்குறைய 700 பிறப்புக்கு ஒன்று. 2011 கணக்கெடுப்பில் 24 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட திருவண்ணாமலை மாவட்டத்துக்கு இந்த விகிதத்தைப் போட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு நாற்பது, ஐம்பது குழந்தைகள் வருகிறார்கள். வாரத்துக்கு ஒரு குழந்தை. அவர்களைத் தெருவில் அதிகம் பார்ப்பதில்லை என்றால், வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள் என்பதும் ஒரு காரணம்.

பறந்து வந்தவர்களும் கூடவே இருந்தவர்களும்

2009 பிப்ரவரியில் ஏ.ஆர். ரஹ்மான் இரண்டு ஆஸ்கர் விருதுகளோடு நின்ற இரவு நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதே இரவில், அதே மேடையில், 'ஸ்மைல் பிங்கி' என்ற 39 நிமிட ஆவணப்படமும் ஆஸ்கர் வாங்கியது. மேகன் மைலன் எடுத்த படம். உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் பக்கத்துக் கிராமத்தில் உதட்டுப் பிளவோடு பிறந்து, பள்ளிக்கூடம் பக்கம் போகாமல் ஒதுங்கிக் கிடந்த பிங்கி என்ற சிறுமிக்கு வாரணாசியில் டாக்டர் சுபோத் குமார் சிங் இலவசமாக அறுவை சிகிச்சை செய்வதுதான் கதை. 2013 விம்பிள்டன் ஆண்கள் இறுதிப் போட்டியில் ஜோகோவிச்சுக்கும் மர்ரேக்கும் நடுவில் நின்று நாணயம் சுண்டியதும் அதே பிங்கிதான். படத்தில் என்னை அதிகம் உலுக்கியவர் அறுவை செய்த மருத்துவர் அல்ல. கிராமம் கிராமமாகப் போய், இப்படிப்பட்ட குழந்தை யார் வீட்டிலாவது இருக்கிறதா என்று விசாரித்த சமூகப் பணியாளர்தான். அவர் போயிருக்காவிட்டால் பிங்கிக்கு வாரணாசி என்றொரு ஊர் இருப்பதே தெரிந்திருக்காது.

அந்த அறுவைக்குப் பின்னால் இருந்தது 'ஸ்மைல் டிரெயின்'. 1999-இல் நியூயார்க்கில் தொடங்கிய தொண்டு நிறுவனம். அதற்கு முன்பிருந்த வழக்கம் வேறு. 1969-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அறுவை மருத்துவர் டொனால்ட் லாப் தொடங்கிய 'இன்டர்பிளாஸ்ட்', 1982-இல் பில் மகீ என்ற மருத்துவரும் அவர் மனைவி கேத்தி மகீ என்ற செவிலியரும் பிலிப்பைன்ஸ் பயணத்துக்குப் பிறகு தொடங்கிய 'ஆபரேஷன் ஸ்மைல்' இரண்டும் தன்னார்வ மருத்துவர்களைக் கூட்டிக்கொண்டு ஏழை நாடுகளுக்குப் பறந்துபோய், சில நாள் முகாம் நடத்தி, கூட்டம் கூட்டமாக அறுவை செய்துவிட்டுத் திரும்பும் முறையில் வளர்ந்தவை. விடுமுறையைச் செலவழித்துக் கூலி வாங்காமல் உழைத்தவர்கள் அவர்கள். வாசலில் நிற்கிற எல்லாருக்கும் செய்து முடிக்க முடியாமல் பல தாய்மார்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்ததுதான் மகீ தம்பதியை மறுபடி மறுபடி போகவைத்தது.

அந்த முகாம்களால் லட்சக்கணக்கான முகங்கள் மாறின. ஆனால் விமானம் ஏறிய பிறகு தையல் பிரிந்தால், அண்ணத்தில் மறுபடி ஓட்டை விழுந்தால், குழந்தை பேசவே திணறினால், பார்க்க ஆள் இல்லை. ஸ்மைல் டிரெயின் பணத்தை உள்ளூர் மருத்துவமனைகளுக்கே கொடுத்து, உள்ளூர் மருத்துவர்களே ஆண்டு முழுக்கச் செய்யட்டும் என்றது. இந்தியாவில் இந்த வழியில் மட்டும் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் நடந்திருக்கின்றன. செய்தவர்கள் நம் மருத்துவர்கள். திருச்சூர் ஜூபிலி மிஷன் மருத்துவமனையில் டாக்டர் ஹிர்ஜி ஆதன்வாலா வெளிநாட்டுப் பணம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் குழந்தைகளுக்காக உழைத்துக்கொண்டிருந்தவர்.

நம் மாவட்டத்துக்கு வந்தது இதற்கும் அடுத்த கட்டம். 'டிரான்ஸ்ஃபார்மிங் ஃபேசஸ்' என்ற கனடா நாட்டுத் தொண்டு நிறுவனத்தின் உதவியோடு, சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி 2000-களின் நடுவில் திருவண்ணாமலை மாவட்டக் கிராமங்களில் வேலையைத் தொடங்கியது. பிறகு கடலூருக்கும் அது விரிந்தது. பிளவோடு பிறந்தவர்களைக் கிராமத்திலேயே போய்க் கண்டுபிடிப்பது, மருத்துவமனைக்கு வரவைப்பது, அறுவை முடிந்து ஊர் திரும்பியவர்களை விடாமல் தொடர்வது, இந்த வேலைகளுக்கு உள்ளூர் ஆட்களையே எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அறுவைக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று யோசித்தவர்கள் இவர்கள் என்பதால், தொண்டு என்ற சொல்லுக்கு இதுவே சரியான வடிவம் என்று நினைக்கிறேன்.

பாலாடையில் தொடங்குகிறது

அண்ணம் பிளந்த குழந்தையால் மார்பில் வாய் வைத்து உறிஞ்ச முடியாது. உறிஞ்ச வேண்டுமானால் வாய்க்குள் காற்று அடைபட வேண்டும். இங்கே வாயும் மூக்கும் ஒன்றாகத் திறந்து கிடக்கின்றன. குழந்தை முட்டி முட்டிக் களைத்துத் தூங்கிப்போகும். கொஞ்சம் உள்ளே போனதும் மூக்கு வழியாக வெளியே வரும். தாய்க்குப் பால் இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல, புட்டிப்பாலுக்கு மாறி, அதுவும் இறங்காமல் குழந்தை வற்றத் தொடங்கும்.

இதற்கு நம் பாட்டிமார் வைத்திருந்த பாலாடையும் சங்குமே போதும். தாய்ப்பாலைப் பீய்ச்சிச் சுத்தமான பாத்திரத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். குழந்தையைப் படுக்கப் போடாமல் தலை நிமிர்ந்திருக்கும்படி மடியில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். பாலாடையின் மூக்கைக் கடைவாய் ஓரத்தில் வைத்துச் சிறிது சிறிதாகச் சாய்த்து, ஒவ்வொரு முறையும் விழுங்கும்வரை பொறுக்க வேண்டும். இந்தக் குழந்தைகள் காற்றை அதிகம் விழுங்குவதால் நடுநடுவே தோளில் போட்டு ஏப்பம் விடவைக்க வேண்டும். ஒரு வேளைப் பாலுக்கு அரை மணி நேரம் ஆகலாம். மூக்கில் கொஞ்சம் பால் வந்தால் பதற வேண்டாம், துடைத்துவிட்டுத் தொடரலாம். மூச்சுத் திணறினாலோ, உடல் நீலம் பாய்ந்தாலோ உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பாலாடையைப் பற்றி இவ்வளவு எழுதக் காரணம் இருக்கிறது. உதட்டு அறுவைக்கு மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்க்கும் அளவு மூன்று பத்து: வயது 10 வாரம், எடை 10 பவுண்டு, அதாவது நாலரை கிலோ, ரத்தத்தில் ஹீமோகுளோபின் 10 கிராம். மயக்க மருந்தைத் தாங்க அந்த உடம்பு வேண்டும். மருத்துவர் தயாராக இருந்தும், பணம் கேட்காத மருத்துவமனை தயாராக இருந்தும், எடை ஏறவில்லை என்ற ஒரே காரணத்தால் திரும்பி வரும் குழந்தைகள் உண்டு.

உதட்டை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தைப்பது வழக்கம். ஒரு மணி நேரம் போல ஆகும். அமெரிக்க மருத்துவர் ரால்ஃப் மில்லார்டு 1950-களில் வகுத்த முறைதான் இன்றும் பல அறுவை அரங்குகளில் அடிப்படை: ஒரு பக்கச் சதையைக் கீழே சுழற்றி, மறுபக்கத்தை நகர்த்திக் கொண்டுவந்து, உதட்டின் இயல்பான மேடு பள்ளத்தோடு சேர்ப்பது. சில நாளில் தழும்பு மட்டும் மிஞ்சும். புகைப்படங்களில் நாம் பார்க்கும் 'முன், பின்' அதிசயம் இதுதான். நன்கொடை கேட்கும் விளம்பரம் இங்கே முடிந்துவிடுகிறது. குழந்தையின் சிகிச்சை இங்கே முடிவதில்லை.

அண்ணத்தை மூடுவது ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள். பேச்சு வருவதற்கு முன் மூட வேண்டும் என்பதுதான் அவசரம். அண்ணத்துத் தசை சரியில்லாவிட்டால் நடுக்காதில் நீர் கோக்கும், காது மந்தமாகும். ஆகவே காதுப் பரிசோதனை. பல் முளைக்கும் ஈறிலும் பிளவு இருந்தால் எட்டிலிருந்து பதினொரு வயதுக்குள் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அங்கே வைப்பார்கள். பிறகு பல் வரிசைக்குக் கம்பி. மேல்தாடை வளராமல் உள்வாங்கி நின்றால் பதினேழு, பதினெட்டு வயதில் தாடை அறுவை. எல்லாக் குழந்தைக்கும் எல்லாமும் தேவைப்படாது. ஆனால் பிறந்ததிலிருந்து பதினெட்டுவரை யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இவற்றில் அதிகம் கைவிடப்படுவது பேச்சுப் பயிற்சி. அண்ணத்தை மூடிவிட்டால் பேச்சு தானாக வந்துவிடும் என்று வீட்டில் காத்திருப்பார்கள். சில குழந்தைகளுக்கு வரும், பலருக்கு வராது. ப, ட, க சொல்ல வாய்க்குள் காற்று அழுந்த வேண்டும். அது மூக்கு வழியே கசிந்தால் 'பாப்பா' என்பது 'மாம்மா' போலக் கேட்கும். மூக்கடியில் சின்னக் கண்ணாடியைப் பிடித்து 'பாப்பா' சொல்லச் சொன்னால், கண்ணாடியில் ஆவி படியும். கசிவு இருக்கிறதென்று பாமர மனிதருக்கும் தெரியும் சோதனை அது. இந்தப் பழக்கத்தை மாற்ற மாதக்கணக்கில், விளையாட்டும் படமும் வைத்துக்கொண்டு, ஒலி ஒலியாகப் பழக்க வேண்டும். அப்படிப் பழக்காத குழந்தை உதடு அழகாகச் சேர்ந்த பின்பும் வகுப்பில் கை தூக்குவதில்லை.

வாராவாரம் போரூருக்குப் போய் அரை மணி நேரப் பயிற்சி எடுத்துவர ஒரு நெசவுக் குடும்பத்தால் முடியுமா? கண்ணமங்கலத்திலும் ஆரணியிலும் சேலை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. கணவர் தறியில் உட்கார்ந்தால் மனைவி தாரில் நூல் சுற்ற வேண்டும். ஒருவர் பேருந்து ஏறினால் இருவர் வேலையும் நிற்கிறது. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் தலைமேல் இருக்கிறது. சிகிச்சை இலவசம்தான், போய்வரும் நாள் இலவசமில்லை. இதைப் புரிந்துகொண்டுதான் ஸ்ரீராமச்சந்திராவின் பேச்சுப் பயிற்சித் துறையினர், ரூபா நாகராஜனும் அவரது குழுவினரும், கிராமப் பணியாளர்களுக்கே பயிற்சியைக் கற்றுக்கொடுத்து, குழந்தை இருக்கும் இடத்துக்கே அதை அனுப்பினார்கள். வல்லுநர் மேற்பார்வை பார்ப்பார்; அன்றாடப் பழக்கம் ஊரிலேயே நடக்கும். உலகெங்கும் பேச்சுப் பயிற்சியாளர்கள் போதாத நாடுகளுக்கு நம் மாவட்டத்துக் கிராமங்கள் காட்டிய வழி இது. இதைப் பற்றி நம்மில் பலருக்கே தெரியாது என்பது வருத்தம்.

யாரிடம் போவது

தொண்டு நிறுவனங்கள் வரும், நிதி தீர்ந்தால் போகும். அரசுக் கட்டமைப்பு அப்படிப் போகாது. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், பிறவிக் குறைபாடுகளின் பட்டியலில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் உள்ளன. பிறப்பிலிருந்து 18 வயது வரை பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். இதன் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, அரசுப் பள்ளிக்கு ஒரு முறை வரும். அந்த நாளில் குழந்தையை வீட்டில் மறைத்து வைக்காமல் கொண்டுபோய்க் காட்டுங்கள். பெரிய மருத்துவமனைகளும் தூரமில்லை. கண்ணமங்கலத்திலிருந்து வேலூர் சி.எம்.சி. ஒரு பேருந்துப் பயணம். சென்னையில் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைகளிலும் ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது.

அரசு இன்னும் செய்ய வேண்டியது ஒன்று. மாவட்டத்துக்கு ஒரு பேச்சுப் பயிற்சியாளர் இருந்தால் போதாது. ஒன்றியத்துக்கு ஒருவராவது வேண்டும். தொண்டு நிறுவனம் செய்துகாட்டிய கிராமப் பணியாளர் முறையை அரசே எடுத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் தெருவில் பிளவோடு ஒரு குழந்தை பிறந்தால் முதல் வாரத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். வழி தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்து கேளுங்கள். பிளவோடு வளர்ந்துவிட்ட பெரியவர்களுக்கும் அறுவை செய்யலாம், வயது தடையில்லை. அந்தத் தாயிடம் கிரகணத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். குழந்தை பால் குடிக்கிறதா என்று கேளுங்கள்.