மணல் தேடும் பூனை

பூனை வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் குற்றச்சாட்டு இது: "ரெண்டு நாள் ஊருக்குப் போயிட்டு வந்தோம். வேணும்னே என் தலையணையில போய் வச்சிருக்கு. பழிவாங்குது சார்." கேட்கச் சுவையாக இருக்கிறது, உண்மைதான் இல்லை. பழிவாங்க வேண்டுமானால், தன் மூத்திரம் மனிதருக்கு அருவருப்பு என்பது முதலில் பூனைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கோ அது தன் சொந்த வாசனை. அதில் முகம் சுளிக்க என்ன இருக்கிறது?

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டனும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் உதவும். நீர்ப்பை அழற்சி உள்ள 20 பூனைகளையும் நலமான 12 பூனைகளையும் 77 வாரங்கள் கவனித்தார்கள். சில வாரங்களில் உணவு வைக்கும் நேரம் மாறியது, பழகிய ஆளுக்குப் பதில் வேறொருவர் வந்தார், கொஞ்சி விளையாடும் நேரம் நின்றுபோனது. அந்த வாரங்களில் நோயாளிப் பூனைகள் மட்டுமல்ல, நலமானவையும் சாப்பாட்டைக் குறைத்தன, வாந்தியெடுத்தன, மணல் தொட்டிக்கு வெளியே அசுத்தம் செய்தன. அவற்றுக்கு யார்மீதும் கோபமில்லை. அன்றாடம் குலைந்தால் பூனையின் உடம்பும் குலைகிறது. தீபாவளி வெடி, வெள்ளையடிப்பு, விருந்தாளி, புதுக்குழந்தை எல்லாமே இந்தப் பட்டியலில் சேரும். தலையணை மெத்தென்று இருக்கிறது, வீட்டு ஆளின் வாசனையும் அதில் அதிகம். பதறிய பூனை அங்கே போவதில் வியப்பில்லை.

பூனை மணலைத் தேடுவது பழைய பழக்கம். வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. மேற்கு ஆசியாவின் வறண்ட நிலத்தில் உழவர்களின் தானியத்தையும் எலியையும் சுற்றி மனிதரோடு ஒட்டிக்கொண்டது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் மனிதரோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட பூனை ஒன்று கிடைத்திருக்கிறது. உதிரி மண்ணைப் பறித்து, கழித்து, மூடுவதைக் குட்டிகள் பெரிதாகப் பாடம் கேட்காமலே செய்கின்றன. தெருவில் யாராவது வீடு கட்ட மணல் கொட்டினால் மறுநாள் காலை கொத்தனார் திட்டுவது இதனால்தான்.

வீட்டுக்குள் தொட்டி வைப்பதோ மிக அண்மைக்கால ஏற்பாடு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1947 குளிர்காலத்தில், பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் பூனைக்கு மணல் கேட்டு எட் லோ என்பவரிடம் வந்தார். அந்தப் பெண்ணின் வீட்டு மணல் உறைந்துபோயிருந்தது. சாம்பலைப் போட்டால் பூனையின் கால்தடம் வீடெல்லாம் படிந்தது. லோ குடும்பத்தின் தொழில், ஆலைத் தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சும் பொருட்களை விற்பது. அதில் இருந்த உலர்ந்த களிமண் துகளை அள்ளிக் கொடுத்தார். பிறகு அதையே 5 பவுண்டு பைகளில் அடைத்து, 'கிட்டி லிட்டர்' என்று பெயரெழுதி, 65 சென்ட்டுக்கு விற்க முயன்றார். மணல் சும்மா கிடைக்கும்போது காசு கொடுத்து யார் வாங்குவார் என்று கடைக்காரர் கேட்டாராம். ஈரம் பட்டால் கட்டியாகும் பெண்டோனைட் களிமண் 1980களில் இந்த வேலைக்கு வந்தது. அந்தக் களிமண் குஜராத்தின் கட்ச் பகுதியில் ஏராளம். உலகெங்கும் உள்ள பூனைத் தொட்டிகளுக்கு அங்கிருந்து கப்பலேறுகிறது.

ஆக, பாலைவனத்தையே கழிப்பறையாக வைத்திருந்த விலங்குக்கு நாம் ஒரு பிளாஸ்டிக் தொட்டியைக் கொடுத்திருக்கிறோம். பெரும்பாலான பூனைகள் ஒத்துக்கொள்வதுதான் அதிசயம். ஒரு நாள் அது ஒத்துக்கொள்ளவில்லை என்றால், தொட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் பூனையின் உடம்பைப் பார்க்க வேண்டும்.

இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பதற்கு உயிர் சம்பந்தப்பட்ட காரணம் உண்டு. கடுவன் பூனையின் சிறுநீர்க் குழாய் நுனியில் மிகக் குறுகலானது. படிகமோ சளியடைப்போ அங்கே சிக்கினால் சிறுநீர் அடியோடு நின்றுவிடும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பு தடுமாறி, ஓரிரு நாளில் பூனை இறந்துபோகலாம். அடிக்கடி தொட்டிக்குப் போவது, முக்குவது, கத்துவது, சொட்டுச் சொட்டாக வருவது, இரத்தம் கலந்திருப்பது, பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருப்பது ஆகியவை அறிகுறிகள். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். சிறுநீர் வராமல் முக்கும் கடுவனை அன்றைக்கே, அந்த நேரமே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அடைப்பு இல்லாவிட்டாலும் நீர்ப்பையில் எரிச்சல் இருக்கலாம். தொட்டியில் நிற்கும்போது வலித்தால், வலியைத் தருவது தொட்டிதான் என்று பூனை முடிவுகட்டிவிடும். நோய் தீர்ந்த பிறகும் அது அந்தப் பக்கம் எட்டிப்பார்க்காமல் போவது இதனால். கிருமியும் கல்லும் இல்லாமலே வரும் இந்த அழற்சி, மன அழுத்தத்தோடு பின்னிக்கிடப்பது. மருந்தைவிட மாறாத உணவு நேரமும் ஒளிந்துகொள்ள இடமும் கூடுதல் தண்ணீரும்தான் அதற்குக் கைகொடுக்கின்றன. நீரிழிவோ சிறுநீரக நோயோ வந்த பூனை அதிகம் சிறுநீர் கழிப்பதால் தொட்டி சீக்கிரம் நனைந்துவிடுகிறது. கிழப்பூனைக்கு மூட்டுவலி. அமெரிக்காவில் 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்தபோது 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. அந்தக் காலோடு உயரமான தொட்டிச் சுவரை எப்படித் தாண்டும்? ஒரு பக்கத்தைத் தாழ வெட்டிவிட்டாலே பிரச்சினை முடிந்த வீடுகள் உண்டு.

உடம்பில் குறையில்லை என்றால் அடுத்த கேள்வி: பூனை உட்கார்ந்து போகிறதா, நின்றுகொண்டு பீய்ச்சுகிறதா? இரண்டும் ஒன்றல்ல. வாலைத் தூக்கி நடுங்கவைத்து, சுவரிலோ திரையிலோ கொஞ்சமாகப் பீய்ச்சினால் அது எல்லைக்குறி. எத்தனை நல்ல தொட்டி வாங்கி வைத்தாலும் தீராது. அந்த நெடிக்குப் பின்னால் ஃபெலினைன் என்ற கந்தகம் கொண்ட அமினோ அமிலம் இருக்கிறது. சிறுநீரகத்தில் காக்சின் என்னும் புரதம் அதன் உற்பத்தியை இயக்குவதை மசாவோ மியாசாக்கியும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் காட்டினார்கள். கருத்தடை செய்யாத கடுவனிடம் அது மிக அதிகம். வெளியே வந்தபின் ஃபெலினைன் சிதைந்து நாறும் கந்தகச் சேர்மங்களாகிறது. நேற்றைய கறை இன்று அதிகமாக நாறுவது இதனால்தான். கருத்தடைக்குப் பின் பத்தில் ஒன்பது கடுவன்கள் பீய்ச்சுவதைக் குறைக்கின்றன அல்லது விட்டுவிடுகின்றன. சன்னலுக்கு வெளியே தெருப்பூனை வந்து உட்காருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

உட்கார்ந்தே போகிறது, ஆனால் வேறு இடத்தில் என்றால் அப்போதுதான் தொட்டியின் முறை. கடைகளில் விற்கும் தொட்டிகள் பெரும்பாலும் வாங்குபவரின் கண்ணுக்காகச் செய்தவை: சிறியவை, மூடி போட்டவை, வாசனை மணல் நிரப்பியவை. மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரை அளந்து, அதைப் போல ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும் என்கிறது அமெரிக்கப் பூனை மருத்துவர் சங்கம் 2014இல் பன்னாட்டுப் பூனை மருத்துவச் சங்கத்தோடு சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி. துணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியே போதும். மூடியைப் பற்றி மட்டும் அவ்வளவு சண்டை தேவையில்லை. ஓர் ஆய்வில் 27 பூனைகளுக்கு மூடியது, திறந்தது இரண்டையும் வைத்துப் பார்த்ததில் 19 பூனைகள் வேறுபாடே பாராட்டவில்லை. மீதியில் நான்கு மூடியதை விரும்பின, நான்கு திறந்ததை.

மணல் மென்மையாக, வாசனை இல்லாமல், பறிக்க வாகாக இருக்கட்டும். நன்றாகப் பறிக்காமல், விளிம்பில் கால் வைத்து, அவசரமாக முடித்து ஓடும் பூனை அந்த மணலை விரும்பவில்லை. எதை விரும்புகிறது என்பதை அது அசுத்தம் செய்த இடமே சொல்லும். மெத்தையும் அழுக்குத் துணியும் என்றால் மிருதுவானதைக் கேட்கிறது. குளியலறைத் தரை என்றால் வழவழப்பை. பூந்தொட்டி என்றால் மண்ணை. அதற்கேற்ப இரண்டு மூன்று தொட்டிகளில் வெவ்வேறு பொருளைப் போட்டு அருகருகே வைத்தால் பூனையே தேர்ந்துகொள்ளும். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டாம். அது திடீரென்று அதிரும்போது பூனை உள்ளே இருந்தால், அந்தத் தொட்டியின் ஆயுள் அன்றோடு சரி.

கழுவும் விஷயத்தில் நம் ஊர் வீடுகள் செய்யும் தவறு ஒன்று ஆபத்தானது. அசுத்தம் என்றதும் கை பினாயில் பாட்டிலுக்குப் போகிறது. கறுப்பு பினாயிலில் இருக்கும் ஃபீனால் வகைப் பொருட்களை உடம்பிலிருந்து வெளியேற்ற உதவும் முக்கியமான நொதி பூனைக்குக் கிடையாது. அதை உண்டாக்கும் மரபணு பூனைக் குடும்பத்தில் செயலிழந்து கிடக்கிறது. துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே நஞ்சு உள்ளே போகும். நமக்குக் காய்ச்சல் மாத்திரையான பாராசிட்டமால் பூனையைக் கொல்வதும் இதே குறையால்தான். வெள்ளை பினாயிலின் பைன் எண்ணெயும் ஆகாது. அம்மோனியா கலந்த திரவம் மூத்திர நெடியையே நினைவூட்டும். பிளீச்சிங் பவுடர் மூத்திரத்தோடு கலந்தால் கண்ணெரிக்கும் வாயு கிளம்பும். செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் நொதிக் கரைசல்தான் சரி: ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, கரைசலை நன்றாக ஊறவிட்டு, தானாகக் காயவிட வேண்டும்.

மூக்கைக் கொண்டுபோய் அசுத்தத்தில் தேய்ப்பது, அடிப்பது இரண்டாலும் பூனை கற்பது ஒன்றுதான்: இந்த ஆள் இருக்கும்போது போகக் கூடாது. பிறகு அது பீரோவுக்குப் பின்னால் போகும்.

பல பூனைகள் உள்ள வீட்டில், பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தொட்டி கூடுதலாக, வெவ்வேறு இடங்களில் வைக்கச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் வரிசையாக ஒரே மூலையில் வைத்தால் பூனைக்கு அது ஒரே தொட்டிதான். ஒரு தடியன் வாசலில் படுத்துக்கொண்டால் மற்றவை உள்ளே போகாது. அந்தத் தடியன் சண்டையெல்லாம் போடுவதில்லை, வெறுமனே பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். அதனால் வீட்டுக்காரர் கண்ணில் இது படுவதே இல்லை.

இப்படிப்பட்ட வீட்டில் குற்றவாளி யார் என்று ஊகிப்பதும் சிரமம். அதற்கு மருத்துவர்களிடம் ஒரு வழி இருக்கிறது. ஃப்ளோரசீன் என்ற சாயத்தை ஒரு பூனைக்கு மட்டும் கொடுத்தால், அதன் சிறுநீர் புறஊதா விளக்கொளியில் பச்சையாக மினுங்கும். மலம்தான் பிரச்சினை என்றால் நச்சில்லாத கிரேயானைத் துருவி, ஒவ்வொரு பூனையின் சாப்பாட்டிலும் ஒவ்வொரு நிறமாகக் கலந்துவிடுகிறார்கள்.