கதவுக் குடுமியும் கழுத்தெலும்பும்

செஞ்சிக் கோட்டை மலைகளை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? அங்கே பாறைமேல் பாறை ஏறி நிற்கிறது. ஈர்ப்பு மையத்திலிருந்து வரையும் செங்குத்துக் கோடு அடித்தளத்துக்குள் விழும்வரை பாறை உருளாது. சரி, அண்ணாந்து பார்த்த உங்கள் தலை எப்படி நிற்கிறது? சுமார் 5 கிலோகிராம் எடையுள்ள அது, பாறையைப்போல் சும்மா நின்றால் போதாது; நாற்புறமும் திரும்பவும் வேண்டும் அல்லவா?

கழுத்தில் 7 முள்ளெலும்புகள் உள்ளன. முதலாவதான 'அட்லஸ்' ஒரு வளையம். இரண்டாவதான 'ஆக்ஸிஸ்' எலும்பிலிருந்து பல் போன்ற முளை ஒன்று எழும்பி அவ்வளையத்துக்குள் நிற்கிறது. பழைய வீடுகளில் கதவின் குடுமி குழிக்குள் சுழலும்; இங்கே முளையைச் சுற்றி வளையம் சுழல்கிறது. கழுத்தைத் திருப்புவதில் ஏறக்குறையப் பாதி இந்த ஒரே மூட்டில் நிகழ்கிறது. முளை பின்னால் நகராதபடி உறுதியான நார் ஒன்று குறுக்கே பிடித்திருக்கிறது. அதற்கும் பின்னால் தண்டுவடம்.

பிறவிக் குறை, விபத்து, முடக்குவாதம் போன்றவற்றால் இந்தப் பிடி தளர்ந்தால், முளை தண்டுவடத்தை நசுக்கும். கைகால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், மூச்சுக்கே ஆபத்து வரலாம். அப்போது இரு எலும்புகளையும் ஒன்றாக இணைத்துவிடுகிறார்கள்.

1939-ல் கனடாவின் காலி என்ற மருத்துவர், கம்பியால் கட்டி இணைக்கும் முறையை விவரித்தார். ஆனால் கம்பிக்கட்டு, சுழற்சியை முழுதும் தடுப்பதில்லை. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் அதுல் கோயல், இரு எலும்புகளிலும் பக்கத்துக்கொன்றாகத் திருகாணி செலுத்தி, அவற்றைத் தகடுகளால் பிணைக்கும் முறையை 1988-ல் தொடங்கி 1994-ல் வெளியிட்டார். ஜெர்மனியின் ஹார்ம்ஸ் 2001-ல் தகட்டுக்குப் பதிலாகத் தண்டுகளைப் பயன்படுத்தினார். இன்று உலகெங்கும் இது 'கோயல்–ஹார்ம்ஸ் முறை' எனப்படுகிறது.

உலோகம் மட்டும் போதுமா? ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்துப் பாருங்கள், ஒடிந்துவிடும். திருகாணிக்கும் அதே கதி நேரலாம். ஆகவே நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துணுக்குகளை மூட்டில் வைக்கிறார்கள். சில மாதங்களில் எலும்பு வளர்ந்து இரண்டும் ஒன்றாகின்றன. அதுவரை அசையாமல் பிடித்துக்கொள்வதே உலோகத்தின் வேலை. இதற்கு விலையும் உண்டு: தலை திரும்பும் அளவு வெகுவாகக் குறையும். அசைவைக் கொடுத்து உயிரை வாங்குகிறோம்.

செஞ்சிப் பாறைகளில் ஏறும் நண்பர் தவறி விழுந்து, கழுத்து வலிக்கிறது என்றால் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். திருகாணி செய்யும் வேலையை அந்தச் சில நிமிடங்கள் உங்கள் கைகளே செய்ய வேண்டும்.