திறந்த நிரலும் மூடிய பெட்டியும் – 9: உரிமம் யாருக்காக?

2017 நவம்பரில் ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் இன்டெலுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். மாணவர்களுக்கு இயங்குதளம் எப்படி வேலை செய்கிறது என்று கற்பிக்க அவர் உருவாக்கியது மினிக்ஸ். அது இன்டெல் சிப்களுக்குள் ‘மேனேஜ்மென்ட் எஞ்சின்’ என்ற மறைவான பகுதியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது செய்தியைப் படித்துத்தான் அவருக்கே தெரிந்தது. அதற்குச் சில வருடங்களுக்கு முன் இன்டெல் பொறியாளர்கள் துருவித் துருவிச் சந்தேகம் கேட்டிருக்கிறார்கள். இன்னும் குறைந்த மெமரியில் ஓடுகிற மாதிரி மாற்றித் தரக் கேட்டார்கள், மாற்றமும் செய்யப்பட்டது. அப்புறம் பேச்சுமூச்சே இல்லை.

கடிதத்தில் கோபம் இல்லை. காசும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும் என்றார், அவ்வளவுதான். அதற்குமேல் கேட்க உரிமத்திலும் இடமில்லை. மினிக்ஸ் 2000இலிருந்து பிஎஸ்டி உரிமத்தில் இருக்கிறது. எம்ஐடி, அப்பாச்சி எல்லாம் இதே தாராளக் கூட்டம்தான்: எடுத்துக்கொள், மாற்று, விற்று லாபம் பார், என் பெயரையும் உரிம வாசகத்தையும் அழிக்காதே.

சென்ற வாரம் பார்த்த ஜிபிஎல் அப்படி விடாது. அந்த நிரலைச் சேர்த்து ஒரு பொருளை விற்றால், வாங்குகிறவர் கேட்கும்போது அதன் மூலநிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும். ஒன்று கைநிறையக் கொடுத்த தானம்; மற்றது நிபந்தனையோடு எழுதி வைத்த அறக்கட்டளை.

நிபந்தனை என்ன செய்யும் என்பதற்கு லிங்க்சிஸ் ரவுட்டரே சாட்சி. டபிள்யூஆர்டி54ஜி என்ற அந்த நீலக் கறுப்புப் பெட்டி சந்தைக்கு வந்த சில மாதங்களில், 2003இல், அதற்குள் ஜிபிஎல் உரிமத்தில் வரும் லினக்ஸ் இருப்பதைச் சிலர் கண்டுபிடித்துவிட்டார்கள். மூலநிரல் எங்கே என்று கேள்வி கிளம்பியது. அதே வருடம் லிங்க்சிஸை வாங்கியிருந்த சிஸ்கோவுக்குத் தர்மசங்கடம். கடைசியில் நிரல் வெளியே வந்தது. 2004இல் அதை அடித்தளமாக வைத்துத் தொடங்கியதுதான் ஓபன்டபிள்யூஆர்டி. இன்று எத்தனையோ கம்பெனிகளின் ரவுட்டர்களில் அது ஓடுகிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. எழுதியவருக்கு எது லாபம் என்று கேட்டுத்தான் பெரும்பாலும் உரிமத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். டானன்பாமுக்குப் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. பயனருக்கு அதிகபட்ச சுதந்திரம் தருவது பிஎஸ்டிதான் என்று அதே கடிதத்தில் சொல்கிறார். ஆனால் அங்கே அந்தப் பயனர் இன்டெல். சிப் பொருத்திய கம்ப்யூட்டரைக் காசு கொடுத்து வாங்கியவருக்கு அந்தப் பகுதியைத் திறந்து பார்க்கவும் வழியில்லை. ரவுட்டர் வாங்கியவருக்கு இருந்தது.

ஆகவே பெட்டிக்குள் போய் உட்காரக்கூடிய மென்பொருளுக்கு என் ஓட்டு ஜிபிஎல்லுக்கு. தேதியைக் கணக்கிடும், படத்தைச் சுருக்கும் சின்ன லைப்ரரி என்றால் எம்ஐடி போதும். நாலு பேர் தயங்காமல் எடுத்துப் பயன்படுத்தட்டும். எதுவானாலும் முதலிலேயே யோசித்துவிடுங்கள். விஎல்சி பிளேயர்காரர்கள் தங்கள் நிரலின் முக்கியப் பகுதியை ஜிபிஎல்லிலிருந்து அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல்லுக்கு மாற்ற, பழைய பங்களிப்பாளர்களை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது.

ஜிபிஎல் கம்பெனியைக் கட்டிப்போட்டுவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2005இல் லிங்க்சிஸ் தன் ரவுட்டரின் ஐந்தாம் பதிப்பில் லினக்ஸைக் கழற்றிவிட்டு, மெமரியையும் பாதியாகக் குறைத்தது. லினக்ஸ் ஆர்வலர்களுக்காகப் பழைய வன்பொருளையே டபிள்யூஆர்டி54ஜிஎல் என்ற பெயரில் தனியாக விற்றது. பத்து வருடம் கழித்தும் அதற்கு வாங்க ஆள் இருந்தது.

(தொடரும்)