புளிய விளாரும் பூட்டிய பெட்டியும்

எங்கள் பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒருமுறையாவது எவனாவது ஒரு பிரம்புப் படத்தைப் போட்டு, 'இதுகிட்ட வாங்குனதாலதான் இன்னைக்கு மனுசனா இருக்கோம்' என்று எழுதுவான். உடனே கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழும். நானும் போட்டவன்தான். கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராகி வருடங்கள் ஓடிவிட்டதால் இப்போது விரல் எழும்புவதில்லை.

பிரம்பு என்பது பேச்சுக்குத்தான். 1984இல் எங்களுக்கு வாய்த்தது புளிய விளார். அதை ஒடித்து வருவதும் எங்களில் ஒருவனே. பச்சை விளார் வளைந்து சுள்ளென்று சுற்றும். காய்ந்தது இரண்டு அடியில் முறிந்துவிடும். விவரமானவன் காய்ந்ததாகப் பார்த்துக் கொண்டுவருவான். சார் அதை ஒருமுறை வளைத்துப் பார்ப்பார். முதல் அடி அவனுக்கே. சார் இல்லாத நேரத்தில் லீடர் ராஜ்ஜியம். கரும்பலகை ஓரத்தில் 'பேசியவர்கள்' பட்டியல், அடங்காதவன் பெயருக்குப் பக்கத்தில் 'மி.மி.பே', அதாவது மிக மிகப் பேசியவன். ஒரு கடலைமிட்டாய் கொடுத்தால் ஒரு 'மி' அழியும். நான் கொடுத்த முதல் லஞ்சம் அது.

பரிசா? நோட்டில் சிவப்பு மையால் ஒரு 'குட்'. ஆண்டு விழாவில் முதல் மூன்று ரேங்குக்கு சோப்பு டப்பா. மற்றவர்களுக்கு, அடி விழாத நாளே பரிசு.

பி.எட். முடித்து வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அன்றைய தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி அடியை எவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்தது என்று. வேண்டுமென்றே சொல்லும் பொய், ஆபாசம், அப்பட்டமான கீழ்ப்படியாமை போன்றவற்றுக்கு மட்டும். அதுவும் கையில், ஆறு அடிக்குள், தலைமையாசிரியரோ அவர் மேற்பார்வையில் ஒருவரோ. வாய்பாடு மறந்ததற்கும் எண்ணெய் வைக்காத தலைக்கும் அதில் இடமே இல்லை. கெண்டைக்காலில் நாங்கள் வாங்கியதெல்லாம் அன்றைக்கே விதிமீறல். ஆனால் 'கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்' என்று எங்கள் அப்பாக்கள் பள்ளிக்கூட வாசலிலேயே பட்டா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்களே, விதிப் புத்தகத்தை யார் புரட்டுவார்?

விளாருக்கு ஆள் தெரியும். ஊர்ப் பெரியதனக்காரர் மகன் கையில் பூப்போல விழும். என் பெஞ்சுக்காரன் காலனியிலிருந்து வருபவன். பண்ணைத் தொழுவத்தைக் கூட்டி அள்ளிவிட்டு வருவதால் தினமும் தாமதம், தினமும் அடி. கணக்கு என்னைவிட அவனுக்கு நன்றாக வரும். ஒன்பதாம் வகுப்பு அரைப் பரீட்சை லீவுக்குப் பிறகு அவன் வரவில்லை. வாட்ஸ்அப் குழுவிலும் அவன் இல்லை, அவனைப் போல நின்றுபோன ஒருவரும் இல்லை. அடி வாங்கி உருப்பட்ட கதையை அங்கே வேறு யார் மறுப்பது?

2003இல் அந்த 51ஆம் விதியைத் திருத்தி அடியை எடுத்துவிட்டார்கள். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு மனத்தை நோகடிப்பதையும் சேர்த்துத் தடுத்தது. இப்போது சுவரில் 1098, 14417 என்று உதவி எண்கள். 2024 நவம்பரில் 'மகிழ் முற்றம்' வந்தது: பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுவாகப் பிரித்துப் புள்ளி கொடுக்கிறோம். என் வகுப்பு நெய்தல்காரர்களில் பாதிப் பேர் கடலையே பார்த்ததில்லை. ஆனால் பாலையைவிட ஒரு புள்ளி குறைந்தால் என்னிடம் வழக்காடாமல் விடமாட்டார்கள். பின்வரிசைக்காரனுக்கும் இதில் பங்கு உண்டு என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

கையில் கட்டும் சாதிக் கயிறுதான் கஷ்டம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன் படித்தவர்களே சாதிப் பகையில் வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிறு கூடாது என்றது. சட்டைக் கைக்குள் அதை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான் என் வகுப்பில் ஒருவன். எங்கள் சாராக இருந்தால் அறுத்தெறிந்து நாலு போட்டிருப்பார். நான் மூன்று வாரம் பேசினேன். கழற்றினான். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் மறுபடி கட்டிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். மறுநாள் முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்த வேலைக்கு விளார் சுலபம் என்று எந்த வாத்தியாருக்கும் ஒரு கணமாவது தோன்றும். தோன்றவில்லை என்பவரை நான் நம்பமாட்டேன்.

தலைமையாசிரியர் அறை வாசலில், பிள்ளைகள் குறைகளை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி தொங்குகிறது. போன மாதம் பூட்டைத் திறந்தபோது ஒரு சீட்டு. வட்டம் வட்டமான கையெழுத்து, பெயர் இல்லை: 'கணக்கு சார் எங்க பி.டி. பீரியடை கடன் வாங்குறார். இதுவரை ஒன்பது. திருப்பித் தரவே இல்லை.'

எண்ணிப் பார்த்தேன். ஒன்பது சரிதான். புதன்கிழமை கடைசி பீரியடிலிருந்து திருப்ப ஆரம்பித்திருக்கிறேன். இன்னும் ஏழு பாக்கி.