கட்டத் திரைக்கு முன்னால்

இந்தச் சுவரில் இருப்பவை 1890களில் எம். வி. போர்ட்மன் எடுத்த படங்கள். அந்தமான் பழங்குடியினருக்குப் பொறுப்பான பிரிட்டிஷ் அதிகாரி அவர். பின்னால் தெரியும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அழகுக்கு அல்ல, உடலை அளப்பதற்கு. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. கண்களை மட்டும் அவரால் அளக்க முடியவில்லை; சற்று நின்று அவற்றைப் பாருங்கள். வில் செய்வது போன்ற கைவேலைகளையும் அவர் படிப்படியாகப் பதிந்தார்; எங்கள் பார்வையில் அவையே இத்தொகுப்பின் உயிர்.

1880இல் வட சென்டினல் தீவிலிருந்து முதிய தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் போர்ட் பிளேருக்குப் பிடித்து வந்தவரும் இவரே. முதியவர்கள் இருவரும் நோயுற்று இறந்தார்கள். குழந்தைகள் பரிசுப் பொருள்களோடு திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

எதிர்ச்சுவரில் காலம் வேறு. 1967இல் போர்ட் பிளேரில், இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில், தொடங்கிய ஜவாஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயாவின் நாட்கள். வங்காளி, தமிழர், தெலுங்கர், மலையாளி, நிக்கோபாரி என வகுப்பில் பல தாய்மொழிகள், வராந்தாவில் இந்துஸ்தானி. பிற்காலத்தில் பட்டம் தந்த பல்கலைக்கழகமோ கடலுக்கு அப்பால், புதுச்சேரியில்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய கல்லூரிப் படம் இருந்தால் கொண்டுவாருங்கள். நகலெடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம்.