நீரில் மூழ்கிய நெற்பயிரின் சர்க்கரைச் செலவு

முளை கட்டிய விதைநெல் மூட்டைக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் என்பதைக் குடியானவர் யாவரும் அறிவர். விதையிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, அச்சர்க்கரை சிதைவதனாலேயே இச்சூடு உண்டாகிறது. அதனால் வெளிப்படும் சக்தியில் ஒரு பகுதியை முளை தன் வளர்ச்சிக்குக் கொள்ளுகிறது. எஞ்சியது சூடாக வெளியேறுகிறது. வளர்ந்த பயிரின் வேர், தண்டு, இலை ஆகியவற்றிலுள்ள ஒவ்வோர் உயிரணுவிலும் இவ்வேலை இரவும் பகலும் நடைபெறுகிறது.

சர்க்கரையின் சிதைவை இரண்டு கட்டங்களாகப் பிரித்துக் கூறலாம். முதற் கட்டத்திற்குக் கிளைக்காலிஸிஸ், அதாவது சர்க்கரைப் பிளப்பு, என்று பெயர். ஆறு கரி அணுக்களைக் கொண்ட ஒரு குளுகோஸ் மூலக்கூறு, பத்துப் படிகளில், மும்மூன்று கரி அணுக்களையுடைய இரண்டு பைருவிக் அமில மூலக்கூறுகளாகப் பிளக்கப்படுகிறது. ஒவ்வொரு படிக்கும் தனித்தனி என்ஸைம் உண்டு. கிடைக்கும் சக்தி ஏ. டி. பி. என்னும் பொருளில் சேமிக்கப்படுகிறது. இதனை உயிரணுவின் செலவுக்குரிய நாணயம் எனலாம். பிளப்பைத் தொடங்க இரண்டு நாணயங்களை முதலாகப் போடவேண்டும். முடிவில் நான்கு கிடைக்கும். ஆகவே நிகர ஆதாயம் இரண்டே. இக்கட்டத்திற்குப் பிராணவாயு வேண்டுவதில்லை.

இரண்டாங் கட்டம் மைடோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகளில், பிராணவாயுவின் உதவியால் நடைபெறுவது. அங்கே பைருவிக் அமிலம் முற்றிலும் சிதைந்து கரியமில வாயுவும் ஜலமும் உண்டாகின்றன. இரு கட்டங்களும் நிறைவேறினால் ஒரு குளுகோஸிலிருந்து ஏறக்குறைய முப்பது நாணயங்கள் கிடைக்கின்றன.

வயலில் சாதாரணமாக நீர் நிற்பதால் நெல்லுக்குத் தீங்கில்லை. நீருக்கு மேலுள்ள இலைகளிலிருந்து காற்று தண்டின் உட்குழல்கள் வழியே வேர்வரை இறங்குகிறது. ஆனால் வெள்ளம் இலை நுனியையும் மூடிவிட்டால் அவ்வழி அடைபடும். காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவாகவே பிராணவாயு நீரில் பரவுகிறது. எனவே இரண்டாங் கட்டம் தடைப்படுகிறது. பைருவிக் அமிலம் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றப்படுகிறது. பதநீர் கள்ளாவதும் இம்முறையிலேதான். இம்மாற்றத்தால்தான் முதற் கட்டமேனும் நிற்காமல் நடைபெறுகிறது. எனினும் முன்பு ஒரு சர்க்கரையால் பெற்ற சக்திக்கு இப்பொழுது சுமார் பதினைந்து வேண்டும். கலங்கிய நீரோ சூரிய வெளிச்சத்தை மறைத்து, இலை புதிதாகச் சர்க்கரை செய்வதையும் குறைத்துவிடுகிறது. வரவு குன்றிச் செலவு பெருகினால், கையிருப்பு தீர்ந்ததும் பயிர் அழுகத் தொடங்குகிறது.

ஒடிஸாவைச் சேர்ந்த எப். ஆர். 13 ஏ என்னும் நெல் இவ்விஷயத்தில் சிக்கனமுடையது. மூழ்கிய காலத்தில் அது வளர்ச்சியை அடக்கிக்கொண்டு சர்க்கரையைக் காக்கிறது. இக்குணத்திற்குக் காரணமான சப் 1 ஏ என்னும் ஜீன் 2006-இல் கண்டறியப்பட்டது. இது சேர்ந்த ரகங்கள் சுமார் இரண்டு வாரம் மூழ்கியிருந்தும் பிழைக்க வல்லவை. தமிழ்நாட்டுக்குரிய சி. ஆர். 1009 சப் 1 இவ்வகையைச் சேர்ந்தது.

ஆகவே வெள்ளம் தங்கும் தாழ்ந்த நிலமுடையோர் இத்தகைய ரகத்தைத் தெரிந்தெடுத்தல் நலம். இளநாற்றைவிடச் சற்று முதிர்ந்து திரண்ட நாற்றில் சர்க்கரை இருப்பு மிகுதி, அதனையே நடுக. வடிகால்களை மழைக்கு முன்பே தூர் எடுத்து வைக்கவேண்டும். வயல் முழுவதும் வடியக் காத்திராமல், இலை நுனிகள் வெளியே தெரியுமளவு நீரையேனும் முதலில் இறக்கிவிடுக. அதனாலேயே வேருக்குக் காற்று கிடைக்கும். நீர் வடிந்தவுடன் தழைச்சத்து இடாமல், புதுக் குருத்து தோன்றிய பின்பு இடுவது நன்மை பயக்கும்.