டி மேஜரில் ஏன் இத்தனை இசை?

1878ஆம் ஆண்டு. ஆஸ்திரியாவில் ஓர் ஏரிக்கரை ஊரில் தங்கியிருந்த பிராம்ஸ், வயலினுக்கென ஒரு கன்சர்ட்டோ இயற்றினார். அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தில் தங்கியிருந்த ரஷ்ய இசைமேதை சைகோவ்ஸ்கியும் ஒரு வயலின் கன்சர்ட்டோ இயற்றினார். இருவரும் தேர்ந்தெடுத்த சுருதி ஒன்றே: டி மேஜர். அதற்கு 72 ஆண்டுகளுக்கு முன், 1806இல், பீத்தோவன் எழுதி முடித்த வயலின் கன்சர்ட்டோவும் டி மேஜர்தான்! தனி வாத்தியம் ஒன்று பெரிய வாத்தியக் குழுவுடன் சேர்ந்து இசைக்கும் உருப்படியே கன்சர்ட்டோ. மூன்று மேதைகளும் ஒரே சுருதியை நாடியது தற்செயலா?

டி மேஜர் என்பது என்ன?

மேற்கத்திய இசையில் சுரங்களுக்கு ஏ முதல் ஜி வரை ஆங்கில எழுத்துகளைப் பெயராக வைத்திருக்கிறார்கள். 'மேஜர்' என்பது ஒரு சுர வரிசை. நம்முடைய சங்கராபரணத்தின் சுரத்தானங்களே அதற்கும் உரியவை. டி என்னும் சுரத்தை ஸட்ஜமாகக் கொண்டு அந்த வரிசையை அமைத்தால் டி மேஜர் கிடைக்கும்.

இங்கே ஒரு ஐயம் எழலாம். ஆர்மோனியத்தில் ஒரு பாட்டை அரைக் கட்டை உயர்த்தி வாசித்தாலும் அதே பாட்டுத்தானே? உண்மை. அரைக் கட்டை உயர்ந்தால் ஒவ்வொரு சுரத்தின் அதிர்வெண்ணும் சுமார் 1.06 மடங்காகிறது, சுரங்களுக்கிடையே உள்ள விகிதம் மாறுவதில்லை. மேலும், ஏ என்னும் சுரத்துக்கு வினாடிக்கு 440 அதிர்வுகள் என்று பொதுவாக ஒப்புக்கொண்டதே 1939இல் லண்டனில் கூடிய மாநாட்டில்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் அது ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஆகவே டி மேஜரின் இரகசியம் அதிர்வெண்ணில் இல்லை. அது வாத்தியங்களின் அமைப்பில் இருக்கிறது.

நான்கு தந்திகள் சொல்லும் செய்தி

மேற்கத்திய முறையில் வயலினின் நான்கு தந்திகளையும் ஜி, டி, ஏ, இ என்ற சுரங்களில் சேர்ப்பார்கள். அவற்றின் அதிர்வெண்கள் முறையே சுமார் 196, 294, 440, 659. இந்த நான்கும் டி மேஜர் வரிசையில் இடம்பெறுகின்றன. ஸட்ஜம், ரிஷபம், மத்தியமம், பஞ்சமம் ஆகிய நான்குக்கும் ஒவ்வொரு திறந்த தந்தி தயாராக இருக்கிறது.

இதனால் என்ன பயன்? ஒரு தந்தி தன் அடிப்படை அதிர்வெண்ணில் மட்டுமன்றி அதன் இரு மடங்கு, மும்மடங்கு அதிர்வெண்களிலும் அதிரவல்லது. வயலின் கலைஞர் மேல் டி சுரத்தை வாசிப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் அதிர்வெண் 587. டி தந்தியின் இரு மடங்கு 587. ஜி தந்தியின் மும்மடங்கு 588. வில் படாமலேயே அவ்விரு தந்திகளும் மெல்ல அதிரத் தொடங்குகின்றன! இதுவே ஒத்ததிர்வு. இசைக்கு ஒளியும் நிறைவும் கூடுகின்றன. அரைக் கட்டை உயர்த்தி இ-பிளாட்டை வாசித்தால் அதிர்வெண் 622. எந்தத் தந்தியின் மடங்கும் அதனுடன் பொருந்தாது. தந்திகள் வாளாவிருக்கும்.

டிரம்பெட்டின் கட்டாயம்

காற்று வாத்தியங்களும் இதற்குத் துணை நின்றன. 1815ஆம் ஆண்டையொட்டி வால்வு கண்டுபிடிக்கப்படும் வரை, டிரம்பெட் என்பது ஏழெட்டு அடி நீளமுள்ள வெறும் குழாயே. குழாயின் அடிப்படை அதிர்வெண்ணின் முழு மடங்குகளே அதில் இயல்பாக ஒலிக்கும். டி சுரத்துக்கு அமைந்த டிரம்பெட்டுகள் அன்று பெரிதும் வழங்கின. ஆகவே, டிரம்பெட் முழங்க வேண்டுமானால் குழு முழுவதும் டி மேஜருக்கு வர வேண்டும். ஹாண்டல் 1741இல் இயற்றிய 'மெஸ்ஸையா'வின் புகழ்பெற்ற 'அல்லேலூயா' கூட்டிசையும், 1749இல் லண்டன் வாணவேடிக்கைக்காக அவர் அமைத்த இசையும் டி மேஜரில் ஒலிப்பவை. வெற்றிக்கும் விழாவுக்கும் உரிய சுருதி என்று அது பெயர் பெற்றது இவ்வாறுதான்.

மொஸார்ட் செய்த தந்திரம்

'எல்லாம் செவியின் மயக்கம்' என்பீர்களாயின், இதோ சான்று. 1779இல் மொஸார்ட் வயலினுக்கும் வயோலாவுக்குமாக இ-பிளாட் மேஜரில் ஓர் இசை அமைத்தார். வயோலாவின் ஒலி சற்று மங்கலானது. ஆகவே, அதன் தந்திகளை மட்டும் அரைக் கட்டை ஏற்றிக்கொண்டு, டி மேஜர் விரல் பிடிப்பிலேயே வாசிக்கும்படி எழுதிவைத்தார்! கேட்பது இ-பிளாட், வாசிப்பது டி. திறந்த தந்திகளின் ஒத்ததிர்வு கைக்கு வந்தது. இறுக்கம் கூடியதால் ஒலியும் துலங்கியது. பிற்காலத்தில் பகானினியும் தம் முதல் வயலின் கன்சர்ட்டோவில் இதே உத்தியைக் கையாண்டார்.

நம் இசையில் இந்தச் சிக்கலே இல்லை. நம் வயலின் கலைஞர்கள் பாடகரின் சுருதிக்கேற்பத் தந்திகளை ஸட்ஜம், பஞ்சமம், ஸட்ஜம், பஞ்சமம் என்று சேர்த்துக்கொள்கிறார்கள். மேலைநாட்டார் தந்திக்கேற்ற சுருதியைத் தேடினார்கள். நாமோ சுருதிக்கேற்பத் தந்தியை மாற்றுகிறோம்!

நீங்களே சோதித்துப் பாருங்கள்

நம் முறையில் சுருதி சேர்த்த வயலின் ஒன்று கிடைத்தால், மூன்றாவது தந்தியாகிய ஸட்ஜத்தின்மீது சிறு காகிதத் துண்டை மடித்துக் கவிழ்த்து வையுங்கள். அடுத்துள்ள மந்தர பஞ்சமத் தந்தியில் விரல் வைத்து அதே ஸட்ஜத்தை வாசியுங்கள். காகிதம் துள்ளும். விரலைச் சற்றே நகர்த்துங்கள், காகிதம் அடங்கிவிடும். பீத்தோவனும் பிராம்ஸும் சைகோவ்ஸ்கியும் டி மேஜரை நாடியதன் காரணத்தை அந்தக் காகிதத் துண்டே உங்களுக்குச் சொல்லும்.